இரண்டு ஸ்விட்ச், இரண்டு கேபிள், ஒரு ஸ்டோரேஜ்: லினக்ஸ் மல்டிபாத் எப்படி?

ஐஸ்கஸி (நெட்வொர்க் வழியாக வட்டைத் தரும் முறை) ஸ்டோரேஜுக்காக இரண்டு ஸ்விட்ச், சர்வருக்கு இரண்டு 10 ஜிகாபிட் போர்ட் என்று எல்லாம் வாங்கிப் போட்டிருப்பார்கள், போய்ப் பார்த்தால் ஒரு கேபிளில்தான் டிராஃபிக் ஓடும், இன்னொன்று சும்மா கிடக்கும். பல இடங்களில் இதே கதைதான். இதற்கு நான் நம்பிப் பரிந்துரைப்பது, ஒரே வட்டுக்குப் போகும் பல பாதைகளை ஒன்றாக்கித் தரும் டிஎம் மல்டிபாத். தனி லைசென்ஸ் எதுவும் வேண்டாம், லினக்ஸோடு வருவது, கான்ஃபிக்கும் சில வரிகள்தான். ஆனால் அந்தச் சில வரிகளை எழுதியே ஆக வேண்டும்.

முதலில், பல கேபிளை ஒரே இணைப்புபோலச் சேர்க்கும் (பாண்ட் செய்யும்) எல்ஏசிபி ஏன் இல்லை? ஸ்டோரேஜ் நிறுவ வந்த ஒரு பொறியாளர் இரண்டு போர்ட்டையும் பாண்ட் செய்தால் 20 ஜிகாபிட் கிடைக்கும் என்று அடித்துச் சொன்னார். கிடைக்காது. எல்ஏசிபி முகவரிகளையும், அமைப்பைப் பொறுத்து டிசிபி போர்ட் எண்களையும் வைத்து ஹாஷ் போட்டு (அவற்றிலிருந்து ஒரு எண்ணைக் கணக்கிட்டு), ஒரு இணைப்பை ஒரு கேபிளிலேயே கட்டிப் போடும். ஒரு ஐஸ்கஸி செஷன், அதாவது சர்வர் ஸ்டோரேஜோடு வைத்திருக்கும் தொடர்பு, பெரும்பாலும் ஒரே ஒரு டிசிபி இணைப்புதான், அதனால் அது எவ்வளவு முட்டினாலும் ஒரு கேபிளின் வேகத்தைத் தாண்டாது. போதாததற்கு, இரண்டு ஸ்விட்சுக்கும் குறுக்கே எல்ஏசிபி போட ஸ்டாக்கிங்கோ எம்லேகோ (இரண்டு ஸ்விட்சை ஒன்றுபோல இயக்கும் முறைகள்) வேண்டும், அதாவது தனித்தனியாக இருக்கட்டும் என்று வாங்கிய இரண்டையும் நாமே ஒன்றோடொன்று பிணைத்து வைக்கிறோம். மல்டிபாத்துக்கு இதெல்லாம் தேவையே இல்லை. ஸ்விட்சுகள் ஒன்றையொன்று அறியாமலே இருக்கலாம், போர்ட்டுக்கு ஒரு சப்நெட் (தனி முகவரித் தொகுதி), பாதைக்கு ஒரு செஷன், எதில் எவ்வளவு அனுப்புவது என்பதை சர்வரே முடிவு செய்யும்.

இனி குறை. பாதைகளைக் குழுவாக்கும் கொள்கையின் இயல்பு மதிப்பு ஃபெயில்ஓவர். உங்கள் ஸ்டோரேஜ் மாடல் மல்டிபாத்தின் உள் பட்டியலில் இருந்தால் அதற்கேற்ற அமைப்பைத் தானே எடுத்துக்கொள்ளும். இல்லாவிட்டால் ஒரு பாதை ஓடும், மற்றது காத்திருக்கும், சுமைப் பகிர்வே நடக்காது. இது ஆவணத்தில் இருக்கிறது, ஆனால் தேடுபவர் கண்ணுக்குத்தான் படும். உடனே எல்லாவற்றையும் மல்டிபஸ் (எல்லாப் பாதையும் ஒரே குழு) என்று மாற்றிவிடவும் கூடாது. இரண்டு கன்ட்ரோலர் இருந்து, ஒவ்வொரு வட்டுக்கும் அவற்றில் ஒன்றே பொறுப்பாக இருக்கும் ஆலுவா வகை ஸ்டோரேஜில், பொறுப்பில்லாத கன்ட்ரோலர் வழியாகவும் பாதி ஐஓ (படிக்கும், எழுதும் வேலை) போகும், இருந்த வேகமும் குறையும். அங்கே முன்னுரிமைப்படி குழுவாக்குவதுதான் சரி.

எனக்கு மிகவும் பிடித்தது பாதை தேர்ந்தெடுக்கும் விதம். பழைய ரவுண்ட் ராபின் முறை கணக்காக மாற்றி மாற்றி அனுப்பும். ஒரு ஸ்விட்சில் நெரிசல் வந்தாலும் அதற்குரிய பங்கை அங்கேயே தள்ளிக்கொண்டிருக்கும், மொத்த வேகமும் மெதுவான பாதையின் வேகத்துக்கு இறங்கும். இப்போது இயல்பாக வரும் சர்வீஸ் டைம் முறை, ஒவ்வொரு பாதையிலும் இன்னும் முடியாமல் நிற்கும் ஐஓவின் அளவைப் பார்த்து, சீக்கிரம் முடியக்கூடிய பக்கம் அனுப்பும். பேக்கப் ஓடும் நேரத்தில் இரண்டு போர்ட்டின் கவுண்டரையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்துப் பாருங்கள், நெரிசல் உள்ள பக்கம் இறங்க இறங்க மற்றது ஏறுவது தெரியும்.

கேபிளைப் பிடுங்கிப் பார்க்காமல் யாரும் இதை நம்ப வேண்டாம். மல்டிபாத்தின் நிலைப் பட்டியலில் ஒரு வரி ஆக்டிவ் ரெடி என்பதிலிருந்து ஃபெயில்டு ஃபால்ட்டி என்று மாறும், எழுதிக்கொண்டிருந்த வேலை சற்று நின்று தொடரும். அந்தச் "சற்று" எவ்வளவு என்பதில்தான் விஷயம் இருக்கிறது. லினக்ஸின் ஐஸ்கஸி மென்பொருளான ஓபன் ஐஸ்கஸியில் செஷன் மீண்டும் வருமா என்று காத்திருக்கும் நேரம் இயல்பாக 120 நொடி. மாற்றுப் பாதை இல்லாத சர்வருக்கு அது நியாயம், ஆனால் இரண்டாவது பாதை தயாராக இருக்கும்போது இரண்டு நிமிடம் தரவுத்தளத்தைத் தொங்கவிடுவதில் அர்த்தமே இல்லை, எனவே 5 நொடி அளவுக்குக் குறைத்துவிடுங்கள். மல்டிபாத்தின் சொந்த அமைப்பு இதன்மேல் எழுதிவிடவும் வாய்ப்புண்டு என்பதால் கான்ஃபிக் கோப்பை மட்டும் பார்க்காமல், ஓடும் செஷனில் என்ன மதிப்பு இருக்கிறது என்றும் பாருங்கள்.

அப்புறம், எல்லாப் பாதையும் போனால் ஐஓவை வரிசையில் நிறுத்திக் காத்திரு என்ற அமைப்பை எல்லையில்லாமல் விட வேண்டாம். பாதை திரும்பாதவரை அந்தப் ப்ராசஸ்களைக் கொல்லக்கூட முடியாது. இன்னொன்று, சாதாரண நாளிலேயே இரண்டு போர்ட்டும் பாதிக்கு மேல் நிரம்பி ஓடினால் ஒரு ஸ்விட்ச் போகும் நாளில் மீதமுள்ளது தாங்காது. சேவை நிற்காது, ஆனால் ஊர்ந்து போகும். இதற்கு எந்த மென்பொருளும் மருந்தில்லை.

என்எஃப்எஸ் (கோப்புகளை நெட்வொர்க்கில் பகிரும் முறை) வைத்திருப்பவர்களுக்கு இது உதவாது, ஏனென்றால் மல்டிபாத் பிளாக் சாதனங்களுக்கு, அதாவது வட்டாகவே தெரிபவற்றுக்கு மட்டும்தான். அங்கே வழக்கமான வழி பாண்டிங்தான். ஹாஷை லேயர் 3+4 (ஐபி முகவரியும் போர்ட் எண்ணும்) என்று வைத்து, 2019இல் கர்னல் 5.3இல் வந்த என்கனெக்ட் என்ற மவுண்ட் அமைப்பு மூலம் இணைப்புகளைப் பலவாக்கினால் இரண்டு கேபிளிலும் பரவ வாய்ப்புண்டு. ஸ்டோரேஜிலிருந்து திரும்பி வரும் டிராஃபிக்கைப் பிரிப்பது ஸ்விட்ச் என்பதால் அங்கேயும் டிசிபி போர்ட் எண்ணைச் சேர்த்து ஹாஷ் போடும்படி மாற்ற வேண்டும். ஐஸ்கஸியும் என்எஃப்எஸ்ஸும் ஒரே சர்வரில் ஓடினால் இரண்டுக்கும் தனித்தனி போர்ட் ஒதுக்கிவிடுங்கள்.