ஊட்டிக் காற்றுக்கு எந்த டிரம்?

மாதிரி கிளைடர்களை (எஞ்சின் இல்லாத சிறு விமானங்களை) நூலால் இழுத்து வானில் ஏற்றுவதற்காகக் கோவைப் பட்டறை ஒன்றில் செய்து வாங்கிய இந்த வின்ச், கார் ஸ்டார்ட்டர் மோட்டாரில் இயங்குகிறது. 75, 100 மி.மீ. விட்டமுள்ள இரு டிரம்களை, அதாவது நூல் சுற்றும் உருளைகளை, தந்தார்கள். ஒரு சுற்றுக்குச் சிறியது சுமார் 24 செ.மீ., பெரியது 31 செ.மீ. நூலைச் சுருட்டும், ஆனால் மோட்டாரின் முறுக்குவிசை மாறாதபோது பெரியதில் இழுவிசை கால் பங்கு குறையும்.

சமவெளியில் சிறியதே போதும் என்பேன். சுமார் 2,240 மீட்டர் உயரத்திலுள்ள ஊட்டியிலோ, காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு என்பதால், அதே தூக்குவிசைக்கு கிளைடர் 12 சதவீதம் கூடுதல் வேகத்தில் பறந்தாக வேண்டும். காற்று அசையாத காலை வேளையில், கால் சுவிட்சை முழுவதும் அழுத்தியும் சிறிய டிரம்மில் நூல் தொய்கிறது. எடை குறைந்த கிளைடர்களைப் பெரிய டிரம் தயக்கமின்றி ஏற்றிவிடுகிறது. கனமானவற்றுக்கு, எதிர்காற்று இருக்கும்வரை, சிறியதே நல்லது. நூல் சுற்றச் சுற்ற டிரம்மின் விட்டமும் கூடுவதை மறக்கலாகாது.

லேத் வேலைதான் குறை. டிரம்மின் பக்கத்தட்டு விளிம்பில் விட்டிருந்த பிசிறு நைலான் நூலைக் கீறியது. உப்புத்தாள் கொண்டு நாங்களே தேய்த்தோம். கொடுத்த விலைக்கு அதை அவர்களே செய்திருக்கலாம்.