மூன்று வருடம், ஒரே ஃபோம் விமானம்: விழுந்த கணக்கு

ரேடியோ ரிமோட்டால் ஓட்டும் (ஆர்.சி.) இந்த மாடல் விமானத்தை வாங்கி மூன்று வருடம் இரண்டு மாதம் ஆகிறது. 1.4 மீட்டர் இறக்கை, அது உடலுக்கு மேலே உட்கார்ந்திருக்கும் ட்ரெய்னர் (பழகுகிறவர்களுக்கான) வகை, நான்கு சேனல் (நான்கு தனித்தனிக் கட்டுப்பாடு), உடல் முழுக்க ஈபிஓ என்கிற வளைந்து கொடுக்கும் ஃபோம், 3எஸ் (மூன்று செல்) 2200 எம்ஏஎச் லிப்போ பேட்டரி. தயாரிப்பாளர் பெயரைச் சொல்லப்போவதில்லை. கீழே வரும் சேதாரத்தில் முக்கால்வாசி என் கட்டைவிரல் செய்தது, அதற்கு அவர்களை இழுப்பது நியாயமில்லை. இதே அச்சில் நாலைந்து பெயரில் விமானங்கள் கிடைக்கின்றன, எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

ஆர்.சி. விமானம் வாங்குகிறவர்கள் எல்லாரும் "நல்லாப் பறக்குமா?" என்றுதான் கேட்கிறார்கள். பறக்கும், இன்றைக்கு விற்கிற எல்லாமே பறக்கும். எங்கே உடையும், உடைந்தால் சாப்பாட்டு மேசையில் வைத்து ராத்திரியே ஒட்டிவிட முடியுமா என்று யாரும் கேட்பதில்லை. மூன்று வருடம் கழித்து என்னிடம் சொல்வதற்கு இருப்பதெல்லாம் அதைப் பற்றித்தான்.

பறக்கவிடும் இடம் பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தரிசு நிலம். கோவைக்குள் விமான நிலையம் ஒரு பக்கம், சூலூர் விமானப்படைத் தளம் ஒரு பக்கம் என்பதால் அங்கே நினைத்துப் பார்க்கவே கூடாது. எங்கே பறக்கவிடலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் பச்சை காட்டுகிற இடமாகப் பார்த்து, நிலத்துக்காரரிடமும் கேட்டுக்கொண்டு போகிறேன். நிலத்தின் மேற்கு ஓரத்தில் ஒரு வரிசை தென்னை. இந்தத் தென்னைகள் கதையில் திரும்பத் திரும்ப வரும்.

முதல் மாதத்திலிருந்தே ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதி வருகிறேன். தேதி, காற்று, என்ன நடந்தது, என்ன உடைந்தது, எவ்வளவு செலவு. என் மனைவி அதற்கு வைத்த பெயர் 'மொய் நோட்டு'. இதுவரை 37 வரி. மோட்டார், சர்வோ (இறக்கை, வால் பலகைகளை அசைக்கும் சின்ன மோட்டார்), ரேடியோ என்று இயந்திரத்தின் மேல் பழி போடத்தக்கவை நான்கே நான்கு. மீதி 33 என் கணக்கு. அதிலும் பாதிக்கு மேல் ஆளுயரத்துக்குக் கீழே, இறக்கும்போது நடந்தவை.

முதல் வரி எல்லாருக்கும் நடப்பதுதான். விமானம் நம்மை விட்டுப் போகும்போது இடம் இடமாகவும் வலம் வலமாகவும் இருக்கும். திரும்பி நம்மைப் பார்த்து வரும்போது எல்லாம் மாறிவிடும். வலது பக்கம் சாய்கிறதே என்று ரிமோட்டின் குச்சியை இடது பக்கம் தள்ளினேன். அது இன்னும் சாய்ந்தது. இன்னும் தள்ளினேன். சோளத்தட்டுக்குள் மூக்கு குத்தி நின்றது. பிறகு ஒரு மூத்தவர் சொல்லிக்கொடுத்த வழி இது: எதிரே வரும்போது இடம் வலம் யோசிக்காதே, எந்தப் பக்க இறக்கை தாழ்கிறதோ அந்தப் பக்கமே குச்சியைத் தள்ளு, தாழ்ந்த இறக்கைக்கு முட்டுக் கொடுக்கிற மாதிரி. இரண்டு வாரத்தில் கை பழகிவிட்டது. சேதம் ஒரு ப்ரொப் (முன்னால் சுழலும் விசிறி), மூக்கில் ஒரு நசுங்கல். நசுங்கலைக் கொதிக்கிற தண்ணீரில் காட்டினால் ஈபிஓ மணிகள் உப்பி ஏறக்குறைய பழைய வடிவத்துக்கு வந்துவிடும். பார்க்கப் பூரி உப்புவது போலவே இருக்கும். தெர்மாகோலில் இந்த வித்தை அவ்வளவாகப் பலிக்காது. கடையில் கிடைக்கும் உடனடிப் பசையைத் தெர்மாகோலில் விட்டால் அது ஃபோமையே அரித்துக் குழி பறித்துவிடும். ஈபிஓ அந்தப் பசையைத் தாங்கும். இந்த விமானத்துக்கு நான் கொடுக்கும் முதல் மதிப்பெண் இந்த ஃபோமுக்குத்தான்.

நோட்டில் அதிக இடம் பிடித்திருப்பது கடைசித் திருப்பம். இறக்குவதற்காகக் காற்று போகிற திசையில் கொண்டுபோய்த் திருப்பி, காற்றுக்கு எதிராக ஓடுபாதையை நோக்கி வர வேண்டும். காற்று பின்னாலிருந்து தள்ளும்போது விமானம் தரையை ஒட்டிப் பிய்த்துக்கொண்டு ஓடுவதாகத் தெரியும். அது தரையைப் பொறுத்த வேகம்தான். இறக்கைக்கு வேண்டியது அதன் மேல் ஓடும் காற்றின் வேகம். கண் ஏமாந்து "ரொம்ப வேகம்" என்று த்ரோட்டிலை, அதாவது மோட்டார் வேகத்தை, குறைப்போம். அந்தக் குறைந்த வேகத்திலேயே திருப்பவும் செய்வோம். உயரம் இழக்காமல் 45 டிகிரி சாய்த்துத் திருப்பினால் ஸ்டால் வேகம் (இதற்குக் கீழே போனால் இறக்கை விமானத்தைத் தாங்காது) சுமார் 19 சதவீதம் கூடுகிறது, 60 டிகிரியில் 41 சதவீதம். நாம் வேகத்தைக் குறைத்த அதே நேரத்தில் இறக்கை அதிகம் கேட்கிறது. ஓடுபாதையைத் தாண்டிவிட்டோமே என்ற பதற்றத்தில் மூக்கைத் தூக்க வாலில் இருக்கும் எலிவேட்டரையும் கொஞ்சம் இழுத்தால் முடிந்தது. உள்பக்க இறக்கை சட்டென்று விழும், விமானம் புரண்டு தரைக்குப் போகும். பத்து மீட்டர் உயரத்தில் மீட்க இடம் கிடையாது. இப்படி மட்டும் ஒன்பது வரி. ஒன்பதிலும் காரணப் பத்தியில் 'அவசரம்' என்றுதான் எழுதியிருக்கிறேன். ஆறாவது தடவைக்குப் பிறகு அந்தச் சொல்லைக்கூட எழுதாமல், 'மேலே உள்ளதேதான்' என்பதற்கான மேற்கோள் குறி போட ஆரம்பித்தேன்.

இதற்கு நான் கண்ட ஒரே மருந்து, ஓடுபாதையைத் தாண்டிவிட்டால் திருத்த முயலாமல் த்ரோட்டிலைக் கொடுத்து இன்னொரு சுற்றுப் போவது. கேட்கும்போது எளிது. பேட்டரி டைமர் கத்திக்கொண்டிருக்கும்போது, பின்னால் நாலு பேர் வேடிக்கை பார்க்கும்போது செய்து பாருங்கள். அதனால் டைமரை 9 நிமிடத்திலிருந்து 7 நிமிடமாக மாற்றினேன். இறக்க மூன்று முயற்சிக்கு மின்சாரம் மிச்சம் இருக்கிறது என்று தெரிந்தாலே கை நடுக்கம் பாதி குறைகிறது.

அப்புறம் தென்னை. ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து வரும் காற்றைப் பற்றி எங்கள் பக்கத்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் காற்றுக்கு எதிராக இறக்கினால் என் நிலத்தில் தென்னை வரிசையை நோக்கித்தான் வந்தாக வேண்டும். மரத்தின் உச்சி உயரத்தில் எதிர்காற்று பலமாக இருக்கும். அதற்குக் கீழே, மரங்களின் மறைவில், காற்று திடீரென்று செத்துவிடும். எதிர்காற்று குறைந்தால் இறக்கை மேல் ஓடும் வேகமும் அதே அளவு குறைகிறது. விமானம் படியில் கால் தவறியவர் மாதிரி தொப்பென்று இறங்கும். இரண்டு தடவை சக்கரக் கம்பி வளைந்து உடலைக் கிழித்த பிறகுதான் காரணம் புரிந்தது. இப்போது காற்றடிக்கும் நாளில் கால்வாசி த்ரோட்டிலோடு வந்து, முழங்கால் உயரம் வந்த பிறகே முழுக்கக் குறைக்கிறேன்.

ஒரு முறை இறக்கும் முயற்சியைக் கைவிட்டு ஏற்றினேன். ஏறியது, ஆனால் போதவில்லை. மட்டைக்கு நடுவில் அழகாகப் போய் உட்கார்ந்தது. பக்கத்துத் தோப்பில் காய் வெட்டிக்கொண்டிருந்த மரமேறும் அண்ணன் வந்து நிமிர்ந்து பார்த்தார். "ஏனுங்க தம்பி, உங்களுதுங்களா?" என்றார். ஆமாம் என்றேன். இரண்டு நிமிடத்தில் உச்சியில் இருந்தார். விமானத்தைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்து, "ஒண்ணும் ஆகலீங்க, புதுசாட்டமே இருக்குது" என்று கத்தினார். எனக்கு நிம்மதி. அடுத்த நொடி, "போடட்டுங்களா?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் தேங்காயைப் போடுகிற பழக்கத்தில் போட்டுவிட்டார். வால் ஒரு பக்கம், இறக்கை ஒரு பக்கம். நோட்டில் அந்த வரிக்குக் காரணம் என்ன எழுதுவது என்று ரொம்ப நேரம் யோசித்தேன். இப்போது பெட்டியில் இருபது மீட்டர் நைலான் கயிறு இருக்கிறது. யாராவது மரம் ஏறினால் முதலில் கயிறு மேலே போகும்.

தயாரிப்பாளர் மேல் எனக்கு இருக்கும் உண்மையான குறை முன்சக்கரம். மெல்லிய கம்பி, அதைப் பிடித்திருப்பது தீப்பெட்டி அளவு பிளாஸ்டிக் துண்டு, அது ஃபோமில் ஒட்டப்பட்டிருக்கிறது. தார்ச்சாலையில் ஓடும், நம்மூர் நிலத்தில் ஓடாது. கொஞ்சம் வேகமாக இறங்கி முன்சக்கரம் முதலில் தட்டினால் மூக்கு எகிறும், எகிறியதை அடக்க எலிவேட்டரைத் தள்ளினால் இன்னும் பலமாகத் தட்டும், மூன்றாவது குதியில் சக்கரம் தனியே உருண்டு போகும். குதிக்க ஆரம்பித்தால் குச்சியோடு சண்டை போடாமல் கொஞ்சம் த்ரோட்டில் கொடுத்து ஏற்றிவிடுங்கள். ஒரு வருடம் போராடிவிட்டு மூன்று சக்கரத்தையும் கழற்றினேன். கையால் வீசி ஏற்றுகிறேன், புல்லில் வயிற்றால் இறக்குகிறேன். ப்ரொப்பை ரப்பர் வளையம் போட்டுப் பிடிக்கிற ப்ரொப் சேவருக்கு மாற்றினேன். தரை தட்டினால் ப்ரொப் உடையாமல் வளையம் கழன்று கொடுக்கிறது. அதன் பிறகு ப்ரொப் செலவு சட்டென்று இறங்கியது. வயிற்றில் அகல டேப் ஒட்டினேன். அழகு போய்விட்டது, போகட்டும்.

வெட்கத்தோடு சொல்ல வேண்டிய ஒன்று. ஒரு சனி ராத்திரி பல் உடைந்த சர்வோவை மாற்றினேன். ஞாயிறு காலை வீசி எறிந்ததும் இடது பக்கம் சாய்ந்தது, வலது கொடுத்தேன், இன்னும் இடது. நான்கு நொடி. புது சர்வோ பழையதற்கு எதிர்த் திசையில் சுழல்கிற வகை. தரையில் குச்சியை ஆட்டி ஐலரான் (இறக்கையின் பின்விளிம்பில் அசையும் பலகை) அசைகிறதா என்று பார்த்தேன், அசைந்தது. எந்தப் பக்கம் அசைகிறது என்று பார்க்கவில்லை. குச்சி வலது போனால் வலது இறக்கையின் ஐலரான் மேலே எழ வேண்டும். இப்போது ஒவ்வொரு ஏற்றத்துக்கும் முன்னால் இதை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கிறேன். பக்கத்தில் இருப்பவர்கள் மந்திரம் சொல்கிறேன் என்று கிண்டல் செய்கிறார்கள்.

விழுந்தவுடன் எல்லாரும் சொல்லும் முதல் வார்த்தை "சிக்னல் போயிருச்சு". பழைய 72 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ காலத்தில் அது மெய்யாகவே நடந்தது. பக்கத்தில் ஒருவர் அதே சேனலில் ட்ரான்ஸ்மிட்டரைப் போட்டால் நம் விமானம் காலி. இன்றைய 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ தானே அலைவரிசை மாறிக்கொள்ளும். என் 37 வரியில் உண்மையான ரேடியோ தவறு ஒன்றே ஒன்று, அதுவும் நான் செய்தது. ஒட்டுவேலையின்போது ரிசீவர் ஆன்டெனாவின் நுனியை பிளேடால் நறுக்கிவிட்டேன். கம்பி நீளமாகத்தானே இருக்கிறது என்று விட்டுவிட்டேன். அந்த நீளம் வெறும் கேபிள். நுனியில் உறை உரித்த சுமார் 31 மில்லிமீட்டர்தான் ஆன்டெனா. நூறு மீட்டரில் தொடர்பு அறுந்தது. சிக்னல் போனால் என்ன செய்வது என்று முன்பே சொல்லிவைக்கும் ஃபெயில்சேஃபில் மோட்டார் நிற்கும்படி வைத்திருந்ததால் புல்லில் மிதந்து இறங்கியது. அது மட்டும் அமைக்காமல் இருந்தால் முழு வேகத்தில் எங்கே போயிருக்கும் என்று நினைக்கவே பிடிக்கவில்லை, பக்கத்து வரப்பில் ஆட்கள் இருந்தார்கள்.

விழப்போகிறது என்று தெரிந்தால் செய்ய வேண்டியது ஒன்றுதான்: த்ரோட்டிலைப் பூஜ்யத்துக்கு இழுங்கள். ப்ரொப் தரையில் சிக்கி, மோட்டார் சுழல முடியாமல், த்ரோட்டிலும் திறந்திருந்தால் மின்னோட்டம் எகிறி, மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து கொடுக்கும் ஈஎஸ்சி எரியும். எனக்கு ஒன்று எரிந்தது, 850 ரூபாய். விழுந்த பேட்டரியைக் காரில் போட்டுக்கொண்டு கிளம்பவும் கூடாது. ஒரு தடவை மூலை மட்டும் லேசாக நசுங்கியிருந்தது. சும்மா ஒரு சந்தேகத்தில் கல் மேல் வைத்துவிட்டு டீ குடித்தேன். இருபது நிமிடத்தில் அப்பளம் மாதிரி உப்பி, நெயில்பாலிஷ் போல ஒரு இனிப்பு வாடை. அன்றிலிருந்து மணல் போட்ட மண்சட்டி ஒன்று கூடவே வருகிறது. அரை மணி நேரம் அதில் இருந்து நல்லபடியாக இருந்தால்தான் வண்டியில் ஏறும்.

மூன்று வருட ஒட்டுவேலைக்கு விலை எடை. வாங்கியபோது பேட்டரியோடு 1,150 கிராம். இப்போது 1,290. பசை, டேப், இறக்கைக்குள் நுழைத்த கார்பன் கம்பி, வாலுக்கு முட்டுக் கொடுத்த மூங்கில் குச்சிகள். கூடிய எடையால் ஸ்டால் வேகம் ஆறு சதவீதம் போலக் கூடியிருக்கிறது. இறக்கும்போது அது கையில் தெரிகிறது, முன்பு மிதந்தது, இப்போது இறங்குகிறது. வாலில் ஒட்டிய பசை பத்து கிராம் என்றாலும் அலட்சியம் வேண்டாம். வால் மூக்கைவிட ரொம்பத் தள்ளி இருப்பதால் எடை மையம் நன்றாகப் பின்னால் போய்விடும், பின்னால் கனத்த விமானம் எலிவேட்டரைத் தொட்டாலே துள்ளும். ஒவ்வொரு ஒட்டுக்குப் பிறகும் இறக்கையின் அடியில், முன்விளிம்பிலிருந்து கால்வாசி முதல் மூன்றில் ஒரு பங்குக்குள் இரண்டு விரல் வைத்துத் தூக்கிப் பாருங்கள். மூக்கு துளி தாழ்ந்து நின்றால் போதும். என் பேட்டரி இரண்டு விரற்கடை முன்னால் நகர்ந்திருக்கிறது, இனி நகர இடமில்லை.

மொத்தச் செலவு என்று கேட்டால், விமானத்தின் விலையில் கிட்டத்தட்ட முக்கால் பங்கு உதிரிப் பாகங்களுக்குப் போயிருக்கிறது. வாங்கும் அன்றே ஆறு ப்ரொப், நாலு சர்வோ, ஒரு ஜோடி இறக்கை சேர்த்து வாங்குங்கள். இறக்கை தனியாகக் கிடைக்காத மாடலாக இருந்தால், எவ்வளவு மலிவாக இருந்தாலும் எடுக்காதீர்கள். எனக்குக் கிடைத்தது, அதனால்தான் இந்த விமானம் இன்னும் இருக்கிறது. முன்சக்கரத்துக்காக ஒரு மதிப்பெண் குறைத்து பத்துக்கு எட்டு கொடுக்கலாம். இன்னொரு மதிப்பெண் எங்கே போனது என்று கேட்டால், பருந்து கொத்திய இடத்தில் பெயின்ட் ஒட்டவே மாட்டேன் என்கிறது.

37ஆவது வரி போன ஞாயிறு எழுதியது. கடைசித் திருப்பம், வலது இறக்கை நுனி, மேற்கோள் குறி. பசை காய்ந்துவிட்டது, சர்வோ திசையும் பார்த்துவிட்டேன். ஆடி முடிய இன்னும் பதினோரு நாள் இருக்கிறது, அதுவரை அலமாரி மேலேயே இருக்கட்டும்.