ஒரு கடைவாய்ப்பல்லுக்கு இம்ப்ளாண்ட் வைத்தேன், இன்னொன்றை அப்படியே விட்டுவிட்டேன்

என் வாயில் பிடுங்கப்பட்ட கடைவாய்ப்பற்கள் இரண்டு. கீழ் வலப்பக்கத்து முதல் கடைவாய்ப்பல் 2018-இல் போயிற்று; அதற்கு 2021-இல் இம்ப்ளாண்ட், அதாவது தாடை எலும்புக்குள் பதிக்கும் டைட்டானிய ஸ்க்ரூவும் அதன்மேல் பல் வடிவக் கேப்பும், வைத்துக்கொண்டேன். மேல் இடப்பக்கத்து இரண்டாம் கடைவாய்ப்பல் 2022-இல் போயிற்று. அந்த இடம் இன்றுவரை காலியாகவே இருக்கிறது. ஒரே ஆள் ஏன் இரண்டு விதமாக முடிவெடுத்தான் என்று கேட்பவர்கள் உண்டு. பல் பிடுங்கிவிட்டு அடுத்து என்ன செய்வது என்று தயங்கி நிற்பவர்களுக்குப் பயன்படும் என்பதால் விரிவாக எழுதுகிறேன்.

கீழ்ப்பல்லின் கதை என் சோம்பலில் தொடங்குகிறது. ரூட் கெனால் செய்த பல்லுக்குக் கேப் போடச் சொல்லியிருந்தார்கள். வலி போனதும் நானும் போகவில்லை. ஒரு தீபாவளிக்குப் பிறகு மீந்திருந்த முறுக்கைக் கடித்தபோது பல் வேர்வரை நெடுக்காகப் பிளந்தது. அதன்பின் பிடுங்குவதைத் தவிர வழியில்லை. மூன்று மாதம் கழித்து வாருங்கள், மாற்றுப்பல்லைப் பற்றிப் பேசலாம் என்றார் மருத்துவர். நான் போனது மூன்று ஆண்டு கழித்து. இடப்பக்கமாக மென்று பழகிவிட்டதால் குறையொன்றும் தெரியவில்லை.

குறை தெரியாமலே நடந்தவற்றை எக்ஸ்ரே காட்டிக்கொடுத்தது. பின்னாலிருந்த இரண்டாம் கடைவாய்ப்பல் காலியிடத்தை நோக்கிச் சாய்ந்திருந்தது. மேலே கடிக்க ஜோடியில்லாத பல் சற்றுக் கீழிறங்கியிருந்தது. சுமார் 11 மி.மீ. இருந்திருக்க வேண்டிய இடைவெளி ஒன்பதரையாகச் சுருங்கியிருந்தது. எலும்பும் மெலிந்திருந்தது. பல் பிடுங்கிய ஓராண்டுக்குள் அந்த இடத்து எலும்பின் அகலம் ஏறக்குறையப் பாதி குறைந்துவிடக்கூடும் என்றும், அதில் பெரும்பகுதி முதல் சில மாதங்களிலேயே போய்விடும் என்றும் அப்போதுதான் அறிந்தேன். என் நல்லூழ், கீழ்த்தாடை எலும்பு தடிமனானது. தாடையை முப்பரிமாணத்தில் காட்டும் சிபிசிடி ஸ்கேனில் அகலம் 7 மி.மீ. இருந்தது. உதட்டுக்கும் மோவாய்க்கும் உணர்ச்சி தரும் நரம்பு அந்தத் தாடைக்குள்தான் ஓடுகிறது; அதற்கும் ஸ்க்ரூவின் நுனிக்கும் இடையே குறைந்தது 2 மி.மீ. விட வேண்டும். அதற்கும் இடமிருந்தது.

பிரிட்ஜ், அதாவது இருபக்கப் பற்களையும் பிடிமானமாகக் கொண்டு நடுவே செயற்கைப் பல்லை நிறுத்தும் வழியும் முன்வைக்கப்பட்டது. அன்றைய கணக்கில் அதற்கு 15,000 ரூபாய். இம்ப்ளாண்டுக்குக் கேப்போடு சேர்த்து 40,000 ரூபாய். பிரிட்ஜ் போட வேண்டுமானால் முன்னும் பின்னும் உள்ள இரண்டு பற்களையும் சுற்றிலும் ராவ வேண்டும். பின்பல் ஏற்கெனவே அடைத்த பல், அதைப் பற்றிக் கவலையில்லை. ஆனால் முன்னால் இருந்த சிறு கடைவாய்ப்பல்லில் ஒரு புள்ளி சொத்தைகூடக் கிடையாது. ஊனமில்லாத அந்தப் பல்லைப் பக்கத்துப் பல்லுக்காக அறுக்க மனம் வரவில்லை. அந்தச் சிறு கடைவாய்ப்பல் ஏற்கெனவே கேப் போட்ட பல்லாக இருந்திருந்தால் பிரிட்ஜையே தேர்ந்திருப்பேன்.

சர்க்கரை இருப்பதால் ஒரு நிபந்தனை விதித்தார்கள். சுமார் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 7.9 இருந்தது, அதை 7-க்குக் கீழே கொண்டுவந்த பிறகே நாள் குறித்தார்கள். அதற்கு நான்கு மாதம் ஆயிற்று.

அறுவை நடந்த அன்று ஊசி போட்ட பிறகு வலி இல்லை. அழுத்தமும் அதிர்வும் மட்டும் தெரிந்தன. சொத்தையைச் சுரண்டும் கருவியின் கீச்சொலியை எதிர்பார்த்திருந்த எனக்கு, மிக மெதுவாகச் சுற்றிய துளைக்கருவியும் அதன்மேல் இடைவிடாமல் ஊற்றிய உப்புநீரும் வியப்பாக இருந்தன. எலும்பு 47 டிகிரிக்கு மேல் ஒரு நிமிடம் சூடானாலும் சேதமாகி, ஸ்க்ரூ பிடிக்காமல் போகலாம். அதனால்தான் அந்த நிதானம். டைட்டானியத்தோடு எலும்பு ஒட்டி வளரும் என்பதை ஸ்வீடன் நாட்டவரான பிரோனமார்க் முயல்களின் எலும்பில் கண்டறிந்து, 1965-இல் முதல் மனிதருக்குப் பொருத்தினார். அந்த ஒட்டுதலுக்காகத்தான் எனக்கும் மூன்று மாதம் காத்திருந்து, பிறகு ஸிர்கோனியா என்ற பீங்கான் வகைக் கேப் வைத்தார்கள். நீல நிறக் காகிதத்தைக் கடிக்கச் சொல்லிச் சொல்லி, கேப்பின் உயரத்தை மயிரிழை குறைத்தார்கள். இயற்கைப் பல்லுக்கும் எலும்புக்கும் நடுவே மெல்லிய தசைநார் உண்டு. கடிக்கும்போது பல் சற்றே அமுங்கும். இம்ப்ளாண்ட் அமுங்காது, சம உயரத்தில் வைத்தால் பாரமெல்லாம் அதன்மேல் விழுந்துவிடும்.

அந்தத் தசைநார் இல்லாத குறையைத் தினமும் உணர்கிறேன். சோற்றில் சிறு கல் கிடந்தால் இடப்பக்கத்துப் பல் சட்டென்று நின்றுவிடும். வலப்பக்கத்தில் நொறுங்கிய பிறகுதான் தெரிகிறது. மற்றபடி வேர்க்கடலை, சீடை, கரும்பு எல்லாம் முன்போலவே. கரும்பைக் கடிக்க வேண்டாமென்று சொன்னார்கள்தான்; பொங்கலன்று மட்டும் கேட்பதில்லை. பெரிய தொல்லை, உணவு சிக்குவது. கேப் அகலம், அதைத் தாங்கும் ஸ்க்ரூ குறுகல். அடியில் இருக்கும் சந்தில் முருங்கைக்கீரையும் மாம்பழ நாரும் போய் உட்கார்ந்துகொள்ளும். பற்களிடை நுழையும் சிறு பிரஷ் இல்லாமல் வெளியூர் போவதில்லை. இம்ப்ளாண்டுக்குச் சொத்தை வராது. ஆனால் அதைச் சுற்றி ஈறு வீங்கி எலும்பு கரையும் நோய் வரும், அது வலிக்காமலே முற்றும். ஆகவே இந்தச் சுத்தத்தில் நான் சலுகை எடுத்துக்கொள்வதில்லை.

இரண்டாம் ஆண்டில் ஒருநாள் கேப் ஆடியது. ஸ்க்ரூவே கழன்றுவிட்டதென்று பயந்து ஓடினேன். ஆடியது கேப்பை இறுக்கும் சிறு திருகு மட்டுமே. இறுக்கப் பத்து நிமிடம் போதும். ஆனால் இம்ப்ளாண்ட் வைத்த கிளினிக் அதற்குள் மூடப்பட்டிருந்தது. ஒவ்வொரு நிறுவனத்தின் திருகுக்கும் திருப்பும் கருவி வேறாக இருக்கலாம் என்பதால், எந்த நிறுவனம், எந்த அளவு என்று தெரியாமல் இரண்டு மருத்துவர்கள் கைவிரித்தார்கள். வீட்டில் ஒரு பழைய கோப்பில், இம்ப்ளாண்ட் வந்த பெட்டியின் ஸ்டிக்கர் ஒட்டிய அட்டை அகப்பட்டதால் தப்பித்தேன். வைத்துக்கொள்பவர்கள் அந்த அட்டையைக் கேட்டு வாங்கி, போனில் படமும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மேல் பல் போனபோது அதே உற்சாகத்தில் ஸ்கேன் எடுத்தேன். மேல்தாடையில் அந்த இடத்துக்கு மேலே சைனஸ் என்ற காற்றறை. எனக்கு மிஞ்சியிருந்த எலும்பின் உயரம் 4 மி.மீ. மட்டுமே; ஸ்க்ரூவுக்கு அது போதாது. சைனஸின் அடிச்சவ்வை உயர்த்தி, எலும்புத்தூள் நிரப்பி, பல மாதம் காத்திருந்து வைக்க வேண்டும். செலவும் ஏறக்குறைய இரட்டிப்பு. எனக்குச் சந்தேகம் வந்தது, மருத்துவரிடமே கேட்டேன்: வைக்காவிட்டால் என்ன கெடும்? அவர் கண்ணாடியைக் காட்டி, கீழ் இடப்பக்கத்து இரண்டாம் கடைவாய்ப்பல் மேலே உள்ள முதல் கடைவாய்ப்பல்லின் பின்விளிம்பையும் தொட்டுக்கொண்டிருப்பதைக் காண்பித்தார். அந்தத் தொடுகை இருப்பதால் அது மேலெழும்பி வர வாய்ப்பு குறைவு. காலியிடத்துக்குப் பின்னே ஞானப்பல் இல்லாததால் சாயவும் எதுவும் இல்லை. மெல்லுவதற்கு முன்னால் உள்ள பற்களே போதும். வைக்கச் சொல்லி வற்புறுத்தியிருந்தால் அவருக்கு வருமானம்; அவர் வற்புறுத்தவில்லை.

ஆண்டுக்கொரு முறை அந்த இடப்பக்கத்துக் கீழ்ப்பல் நகர்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்கிறேன், வலப்பக்கத்து இம்ப்ளாண்டைச் சுற்றிய எலும்புக்கும் ஓர் எக்ஸ்ரே. சென்ற முறை பார்த்தபோது இரண்டும் முந்தைய ஆண்டு இருந்தபடியே இருந்தன. சிறு பிரஷ்ஷின் அளவை மட்டும் ஒன்று கூட்டிக்கொள்ளச் சொன்னார்கள்.