பழைய பாரிடோன் குரல்களின் தொகுப்பு வாங்கப் போகிறீர்களா? முதலில் சுழல் வேகத்தைக் கேளுங்கள்

ஓபெரா என்ற மேற்கத்திய இசைநாடகத்தின் பழைய பாடகர்களை, அதிலும் பாரிடோன்களை (உச்சத்தில் பாடும் டெனருக்கும் அடிக்குரல் பாஸுக்கும் நடுவிலான ஆண்குரல்), தேடி வாங்குகிற நண்பர்களுக்காக இதை எழுதுகிறேன். போன மார்ச்சில் 92 யூரோ கொடுத்து ஏமாந்தேன். பணத்தைக்கூட விட்டுவிடலாம். எனக்கு உயிரான ஒரு குரலைக் கெடுத்து, அதையே அசல் என்று சொல்லி என்னிடம் விற்றார்களே, அது இன்னும் ஆறவில்லை.

ஐரோப்பாவிலிருந்து அனுப்பும் ஒரு இணையக் கடை. பெயர் போடவில்லை. மாபெரும் இத்தாலிய பாரிடோன்கள், மூல இசைத்தட்டுகளிலிருந்து நேரடியாக எடுத்தது, 8 குறுந்தட்டுகள் என்று விளம்பரம். பத்திஸ்தீனி, ரூஃபோ, தெ லூக்கா, அமாத்தோ, ஸ்திராச்சாரி என்று வரிசையாகப் பெயர்களைப் பார்த்ததும் வேறெதையும் விசாரிக்கத் தோன்றவில்லை. வங்கி வழியாகப் பணம் அனுப்பினால் விலை குறைவு என்றார்கள். அனுப்பிவிட்டேன்.

மூன்று வாரம் கழித்துப் பெட்டி வந்தது. அட்டை அழகாக இருந்தது. தட்டைத் திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கம் ஊதா நிறம். ஆலையில் அச்சிட்ட குறுந்தட்டு வெள்ளியாக மின்னும். இந்த நிறம் கணினியில் எரித்த தட்டுக்குரியது. சரி, சின்ன வெளியீட்டாளர்கள் சிலர் அப்படிச் செய்வதுண்டு என்று மனதைத் தேற்றிக்கொண்டு திட்டா ரூஃபோவைப் போட்டேன்.

ரூஃபோவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1877இல் பீசாவில் பிறந்தவர். சின்ன வயதில் இரும்புப் பட்டறையில் வேலை செய்தவர். அவர் குரலைச் சிங்கத்தின் குரல் என்பார்கள். எனக்கு அது உருக்கிய இரும்பு வார்ப்பில் இறங்குவது போல் கேட்கும்: கருமையாக, கனமாக, மேலே போகப் போக இன்னும் விரிந்துகொண்டு. 1914 ஜனவரியில் அவரும் புகழ்பெற்ற டெனர் கரூசோவும் சேர்ந்து வெர்தியின் ‘ஒத்தெல்லோ’ ஓபெராவிலிருந்து பாடிய சபத டூயட் இருக்கிறதே, அந்த நாலு நிமிடத்துக்காகவே நான் இந்தப் பழைய பதிவுகளின் உலகத்துக்குள் வந்தேன்.

இந்தத் தொகுப்பில் கேட்டதோ வேறு யாரோ. குரல் மெலிந்து, பித்தளைபோல் கணகணத்தது. நீட்டிப் பிடிக்கும் சுரங்களில் இயல்பான அதிர்வு போய், ஆட்டுக்குட்டி கத்துவது போல் ஒரு படபடப்பு. என் காதில்தான் கோளாறோ என்று முதலில் நினைத்தேன். அப்புறம் ரொஸ்ஸீனியின் நாவிதன் ஃபிகாரோ அறிமுகமாகும் பாட்டைப் போட்டு, பக்கத்தில் கீபோர்டை வைத்துச் சரிபார்த்தேன். அந்தப் பாட்டின் ஆதாரம் நம் கணக்கில் 1 கட்டை. இங்கே ஒலித்தது ஏறக்குறைய ஒன்றரைக் கட்டை. அந்தக் காலத்துப் பாடகர்கள் வசதிக்காக அரைச் சுரம் இறக்கிப் பாடியதுண்டு. ஆனால் ஏற்கனவே உச்சிக்குப் போகிற இந்தப் பாட்டை எந்த பாரிடோன் வேண்டுமென்று ஏற்றிப் பாடுவார்?

காரணம் சுழல் வேகம், அதாவது இசைத்தட்டு நிமிடத்துக்கு எத்தனை முறை சுற்றுகிறது என்பது. பழைய தட்டுகளுக்கு 78 சுற்று என்று நாம் பொதுப்படையாகச் சொன்னாலும், 1920களின் பிற்பகுதி வரை அந்த வேகம் நிலையாக இருந்ததில்லை. ஆரம்பகாலத் தட்டுகள் நிமிடத்துக்கு 70 சுற்றிலிருந்து 80ஐத் தாண்டியும் பலவிதமாகப் பதிவாயின. 74இல் பதிந்த தட்டை 78இல் ஓட்டினால் சுருதி கிட்டத்தட்ட அரைச் சுரம் ஏறும். நாலு நிமிடப் பாட்டில் 12 வினாடி குறையும். ஏறுவது சுருதி மட்டும் என்றால்கூடப் பொறுக்கலாம். பாடகரின் நெஞ்சும் தொண்டையும் குரலுக்குத் தரும் நிறமும் கூடவே மேலே ஏறிவிடுகிறது. பாரிடோன், டெனர் மாதிரி ஆகிவிடுகிறார். அந்தக் கருமைக்காகத்தானே இவர்களைக் கேட்கிறோம்! நல்ல தொகுப்பாளர்கள் ஒவ்வொரு தட்டுக்கும் அச்சிட்ட இசைப்பிரதியை வைத்து வேகத்தைக் கணித்துத்தான் பதிவை எடுப்பார்கள். இவர்கள் எல்லாவற்றையும் ஒரே வேகத்தில் ஓட்டியிருக்கிறார்கள். போதாக்குறைக்கு இரைச்சல் நீக்குகிறேன் என்று குரலின் மேல் விளிம்பையும் சுரண்டி, செயற்கை எதிரொலி சேர்த்திருக்கிறார்கள். சில தடங்கள் தண்ணீருக்குள்ளிருந்து பாடுவது போல் கேட்டன.

பத்திஸ்தீனி தட்டில் இதைவிட மோசம். மத்தியா பத்திஸ்தீனி 1856இல் ரோமில் பிறந்தவர், பாரிடோன்களின் அரசர் என்று பெயர் பெற்றவர். டெனருக்காக எழுதிய ‘வெர்தர்’ ஓபெராவின் நாயகன் வேடத்தை இசையமைப்பாளர் மாஸ்னே இவருக்காகவே பாரிடோனுக்கு மாற்றி எழுதிக் கொடுத்தார். ஒரு சுரத்தை மெல்லத் தொடங்கி, பெருக்கி, மறுபடியும் நூலாக இழைத்து முடிப்பதில் இவருக்கு இணை எனக்குத் தெரிந்து இல்லை. முதல் பதிவு 1902இல் வார்சாவில். கடைசிப் பதிவு 1924இல். மைக் வைத்த மின்பதிவு 1925இல்தான் வந்தது. ஆகவே இவர் பதிவுகள் அத்தனையும், மின்சாரம் இல்லாமல் ஒலியைத் தட்டுக்குக் கொண்டுபோகும் கூம்புக் குழாய் முன் நின்று பாடியவை. அந்தக் குழாய்க்குப் பெரிய டபுள் பாஸ் வாத்தியங்கள் சரியாகப் பிடிபடாது; அவற்றுக்குப் பதில் டியூபா என்ற பெரிய பித்தளைக் குழல் ஊதுவார்கள். இந்தத் தொகுப்பில் அவர் பெயர் போட்ட ஒரு தடத்திலோ, டபுள் பாஸ் அடியில் தெளிவாக முழங்க, முழு இசைக்குழு அகலமாக ஒலிக்கிறது. அது மின்பதிவு, பாடுவது வேறு ஆள். எங்கிருந்தோ எடுத்து, அரசரின் பெயரை ஒட்டிவிட்டார்கள்.

கடைக்கு எழுதினேன். பழைய தட்டுகள் அப்படித்தான் ஒலிக்கும் என்று பதில் வந்தது. தடங்களைக் குறித்து விவரமாக மறுபடி எழுதினேன். உறை பிரித்த தட்டுகளைத் திரும்பப் பெறுவதில்லை என்றார்கள். மூன்றாவது கடிதத்துக்கு, அடுத்த கொள்முதலில் 15 சதவீதத் தள்ளுபடி. அதற்குப் பிறகு பதிலே இல்லை. கடன் அட்டை மூலம் கட்டியிருந்தால் வங்கியிடம் முறையிட்டிருக்கலாம். நேரடிப் பரிமாற்றம் என்பதால் அந்த வழியும் இல்லை.

இனி நான் வாங்கும்போது பார்ப்பதைச் சொல்கிறேன். கூட வரும் சிறுநூலில் ஒவ்வொரு தடத்துக்கும் பதிவான ஆண்டு, ஊர், தட்டின் நடுவில் பொறித்திருக்கும் மேட்ரிக்ஸ் எண் மூன்றும் இருக்க வேண்டும். எந்த வேகத்தில் ஓட்டினீர்கள் என்று வாங்குமுன்னே கேட்டு எழுதுங்கள். உண்மையாக வேலை செய்தவர் ஆசையோடு பக்கம் பக்கமாகப் பதில் போடுவார். விக்டர் நிறுவனத்தின் பழைய தட்டுகள் பலவற்றை அமெரிக்காவின் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் ‘நேஷனல் ஜூக்பாக்ஸ்’ என்ற பெயரில் இலவசமாகவே கேட்கத் தருகிறது. பணம் போடுவதற்கு முன் அங்கே போய் ஒப்பிட்டுப் பாருங்கள்.

என்னைப் போல் ஏற்கனவே வாங்கிவிட்டவர்கள் தட்டுகளைத் தூக்கி எறிய வேண்டாம். ஆடாசிட்டி மென்பொருளில் வேகத்தை 5 சதவீதம் குறைத்து ஃபிகாரோ பாட்டை மறுபடி கேட்டேன். சுரண்டிப் போனது திரும்பவில்லை. ஆனால் நடுவில் ஓரிடத்தில் ரூஃபோவின் அந்தக் கனம் அறை முழுக்க வந்து நின்றது. கண் கலங்கிவிட்டது.

நேற்று அந்தக் கடையின் பக்கத்தைப் பார்த்தேன். அதே அட்டை வடிவம், அதே வாசகம், இந்த முறை டெனர்கள் தொகுப்பு, 10 தட்டுகள். வங்கி வழியாக அனுப்பினால் விலை குறைவு என்று இப்போதும் போட்டிருக்கிறார்கள்.