மதினி கடைக்கு டாட் காமா, டாட் இன்னா?

மதினி சின்னாளப்பட்டியில் வீட்டு முன்னறையில் சுங்குடிச் சேலை விற்கிறார். கடையின் பெயர் தாழம்பூ. போன தை மாதம் அவருக்கு இணையதள முகவரி வாங்கிக் கொடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. டாட் காம், டாட் இன், டாட் ஷாப், தமிழ் எழுத்திலேயே வரும் டாட் இந்தியா என நான்கையும் பார்த்துவிட்டு டாட் இன் வாங்கினோம். இப்போதும் அதுதான் சரி என்று நினைக்கிறேன்.

பெயர் சின்னதாக இருக்கணும், நடுவில் கோடும் எண்ணும் வேண்டாம் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். தமிழ்ப் பெயர் வைத்தவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. மதினி ஒரு வாடிக்கையாளரிடம் போனில் முகவரி சொல்லிக்கொண்டிருந்தார். "டி எச் ஏ, அப்புறம் இசட் எச்ங்க." அந்தப் பக்கம், "எல் இல்லையா?" பூவுக்கு வந்ததும் பீகாக் பியா, பால் பியா என்று இன்னொரு சுற்று. அன்று ஒரு சேலைப் பெட்டி மூடியில் தாழம்பூவை எத்தனை விதமாக ஆங்கிலத்தில் எழுதலாம் என்று எழுதிப் பார்த்தேன். ஏழு வந்தது. அதில் மூன்றையாவது நம் கையில் வைத்திருக்கணும். ஒன்றில் கடை நடக்கும், மற்ற இரண்டைத் தட்டினாலும் அங்கேயே கொண்டுவந்து விடும்.

மூன்று பெயர் என்று ஆனதும் ஆண்டுதோறும் புதுப்பிக்கும் செலவுதான் எல்லாவற்றையும் முடிவு செய்தது. முகவரியை யாரும் விலைக்கு வாங்குவதில்லை, வாடகைக்குத்தான் எடுக்கிறோம். ஒரே தடவையில் அதிகபட்சம் 10 ஆண்டு. "தம்பி, டாட் ஷாப் முதல் வருசம் 99 ரூபாதானாம், நாளையோட ஆஃபர் முடியுதாம்" என்றார் மதினி. அதே பக்கத்தில் கீழே பொடி எழுத்தில் இருந்த புதுப்பிப்பு விலையைக் காட்டினேன்: 3,000 ரூபாய்க்கு மேல். அதற்கும் 18 சதவீதம் ஜிஎஸ்டி. டாட் ஷாப் அதோடு முடிந்தது.

டாட் காமுக்கு நான் பார்த்த புதுப்பிப்பு விலை 1,400 ரூபாய், டாட் இன்னுக்கு 800. மூன்று பெயருக்கு வரியோடு கணக்குப் போட்டால் டாட் காம் ஆண்டுக்கு 4,956, டாட் இன் 2,832. டாட் காமை நிர்வகிக்கும் வெரிசைன் நிறுவனம் நமக்கு முகவரி விற்கும் பதிவு நிறுவனங்களிடம் ஒரு பெயருக்கு வாங்கும் மொத்த விற்பனை விலை 2012 முதல் 2021 வரை 7.85 டாலரிலேயே நின்றது. பிறகு வருடம் தவறாமல் ஏறி 2024 செப்டம்பரில் 10.26 டாலர் ஆனது. டாலரின் ரூபாய் மதிப்பு ஏறினால் அதுவும் நம் பில்லில்தான் வந்து விழும்.

பணத்தைவிட எனக்குப் பயம், புதுப்பிக்க மறந்துபோவதில்தான். என் நண்பர் ஒருவரின் பாத்திரக்கடை முகவரியை, தளம் செய்து கொடுத்தவர் தன் மின்னஞ்சலிலேயே பதிந்திருந்தார். புதுப்பிக்கச் சொல்லி வந்த கடிதங்கள் எல்லாம் அவருக்கே போயின. நண்பருக்குத் தெரிந்தபோது நாள் தாண்டியிருந்தது. டாட் காமில் காலாவதிக்குப் பிறகு சில வாரம் பெரும்பாலும் பழைய விலைக்கே புதுப்பிக்க விடுவார்கள். அதுவும் போனால் 30 நாள் மீட்புக் காலம், அதற்குத் தனியாகப் பெரிய கட்டணம். பிறகு 5 நாளில் பெயர் வெளியே வந்துவிடும், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். நண்பர் மீட்புக் கட்டணம் கட்டித்தான் திரும்ப வாங்கினார். அதனால் மதினியின் மூன்று முகவரியும் அவர் பெயரில், அவர் மின்னஞ்சலில், அவர் போன் எண்ணில்தான் இருக்கின்றன. என் பெயரில்கூட வைக்கவில்லை.

டாட் இன் என்றால் சின்னக் கடை என்று நினைப்பார்களோ என்ற தயக்கம் மதினிக்கு இருந்தது. ரிசர்வ் வங்கியே எல்லா வங்கிகளையும் 2025 அக்டோபர் 31க்குள் பேங்க் டாட் இன் முகவரிக்கு மாறச் சொன்னதை எடுத்துச் சொன்னேன். அதன் பிறகு அந்தப் பேச்சு வரவில்லை. மதுரைக்கும் கோவைக்கும் சென்னைக்கும் பார்சல் அனுப்பும் கடைக்கு இந்திய முகவரி பொருத்தமாகவே இருக்கிறது. வெளிநாட்டு ஆர்டர் இதுவரை மூன்றோ நான்கோதான். அதை வைத்து நான் எதுவும் சொல்ல முடியாது. சிங்கப்பூர், மலேசியாவுக்கு நிறைய விற்பவர்கள் என்றால் டாட் காமையே பாருங்கள், அங்கே கை பழக்கத்தில் அதைத்தான் தட்டும்.

தமிழ் முகவரிமேல் எனக்கு ஆசை அதிகம். தாழம்பூ என்று தமிழிலேயே தட்டினால் இசட் எச் தொல்லையே இல்லை. ஆனால் அந்த முகவரியை நகலெடுத்து மெசேஜில் ஒட்டிப் பார்த்தபோது எக்ஸ் என், இரண்டு கோடு என்று தொடங்கும் புரியாத எழுத்துக் கோவையாக வந்தது. இணையத்தின் உள்வேலைக்காகத் தமிழை அப்படி மாற்றி வைக்கிறார்கள். சேலை வாங்க வருபவர் அதைப் பார்த்தால் மோசடி லிங்க் என்று பயந்துவிடுவார். மற்றவர் முகவரிகளில் அரைநாள் சோதித்ததை வைத்துத்தான் இதைச் சொல்கிறேன், ஒரு கடையை அதில் நடத்திப் பார்த்ததில்லை.

டாட் இன்னில் மூன்று பெயரையும் மூன்று ஆண்டுக்குச் சேர்த்துக் கட்டிவிட்டோம். அடுத்த புதுப்பிப்புத் தேதியை மதினி கல்லாப்பெட்டி மூடியின் உள்பக்கம் எழுதி ஒட்டியிருக்கிறார்.