ஆண்குதிரை விந்தைச் சுத்திகரித்துத் தரும் ஆய்வகம்: எங்கள் அனுபவம்

ஆரல்வாய்மொழியில் நாங்கள் வளர்க்கும் ஆண்குதிரையோடு சேர்த்த பெட்டைகள் இரண்டு பருவமாகச் சினை பிடிக்கவே இல்லை, அதனால்தான் நாகர்கோவில் பக்கம் ஒரு கால்நடை மருத்துவரின் ஆய்வகத்துக்குப் போனோம். கூடவே நின்று பார்த்தேன்: விந்தில் உள்ள ஜெல்லை வடிகட்டி, கொழுப்பு நீக்கிய பாலும் குளுக்கோஸும் கலந்த கரைசலை வெதுவெதுப்பாகச் சேர்த்து, சிலிக்கா கரைசலின் மேல் மெதுவாக ஊற்றி, சென்ட்ரிஃபியூஜ் என்னும் வேகமாகச் சுழலும் இயந்திரத்தில் 300 ஜி விசையில் (புவியீர்ப்பைப் போல 300 மடங்கு) 20 நிமிடம் சுற்றவிட்டார்கள். நன்றாக நீந்தும் விந்தணுக்கள் அடியில் சேரும், செத்தவை பெரும்பாலும் மேலேயே நின்றுவிடும். எண்ணிக்கை குறையும் என்பதை முதலிலேயே சொல்லிவிட்டார்கள், அந்த நேர்மை எனக்குப் பிடித்தது. அப்புறம் மைக்ரோஸ்கோப்பில் முன்னும் பின்னும் காட்டினார்கள், வித்தியாசம் கண்ணுக்கே தெரிந்தது. கட்டணம் கூடுதல்தான், மூன்று மணி நேரம் காக்கவைத்ததிலும் வருத்தம் உண்டு. ஆனால் அந்த விந்தைச் செலுத்திய பெட்டை இப்போது சினை, ஸ்கேனில் பார்த்துவிட்டோம்.