நாகை – காங்கேசன்துறை கப்பல்: மதுரையிலிருந்து போய்வருவோருக்கு

நாகப்பட்டினத்திலிருந்து இலங்கையின் வடகரையிலுள்ள காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபர் 14-இல் தொடங்கிய இந்தக் கப்பல் ஒரு வாரத்திலேயே நின்றது. 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடியது, மழைக்காலத்தில் நின்றது, 2025 பிப்ரவரியில் திரும்பவும் கிளம்பியது. இந்தக் குணத்தைப் புரிந்துகொண்டு போனால் அருமையான பயணம்.

ஏறத்தாழ 60 கடல் மைல், நாலு மணி நேரம். 150 பேர் உட்காரும் சிறிய கப்பல். பாக் நீரிணைப் பக்கம் ஆழம் குறைவு. காற்று எழுந்தால் அலை குட்டையாக, செங்குத்தாக, அடுத்தடுத்து மோதும். ஐப்பசி முதல் மார்கழி வரை திட்டமே போடாதீர்கள். மாசி, பங்குனி நல்லது. எப்போது போனாலும் திரும்பும் நாளுக்கு மறுநாளே வேலைக்குச் சேர்வதாக இருக்காதீர்கள். ஒரு நாள் கையில் இருக்கட்டும்.

மாட்டுத்தாவணியில் வேளாங்கண்ணி பஸ் பிடித்து முதல் நாளே போய்விடுவது உத்தமம். ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை அங்கே திருவிழா, ரூம் கிடைக்காது.

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது பெயரில்தான். ஆதாரில் 'மு. செல்வி', பாஸ்போர்ட்டில் 'செல்வி முத்தையா' என்றிருக்கும். டிக்கெட்டிலும் இலங்கை இணைய விசாவிலும் பாஸ்போர்ட்டில் உள்ளதை எழுத்துக்கு எழுத்து அப்படியே போடுங்கள். பாஸ்போர்ட் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். சிம்மில் ரோமிங் போடாவிட்டால் பேங்க் ஓடிபி வராது.

பையை வீட்டிலேயே எடை போடுங்கள். சொந்தக்காரருக்கு என்று மல்லிகைப் பதியன் வேண்டாம். அனுமதி இல்லாத செடியைச் சுங்கத்தில் எடுத்துவிடுவார்கள். முறுக்கு தாராளமாகக் கொண்டுபோகலாம்.

குமட்டல் மாத்திரையை ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போடுங்கள். தலை சுற்றிய பின் போட்டால் வயிற்றில் நிற்காது. இரண்டு இட்லி போதும், வெறும் வயிறும் ஆகாது. கப்பலின் நடுப்பகுதி சீட்டில்தான் ஆட்டம் குறைவு.

காங்கேசன்துறையை ராமேஸ்வரம் மாதிரி நினைத்து இறங்காதீர்கள். போரில் காலியாகி, ஆண்டுக்கணக்கில் ராணுவத்தின் உயர்பாதுகாப்பு வலயமாகக் கிடந்து, மக்கள் மெல்லத் திரும்பிவரும் சிற்றூர் அது. மூடிக்கிடக்கும் சிமெண்ட் ஆலை, கலங்கரை விளக்கம், ரயில் நிலையம், சில கடைகள். தங்க யாழ்ப்பாணமே வசதி. ஆனால் உடனே பஸ் ஏறிவிடாதீர்கள். பக்கத்தில் கீரிமலைக் கேணி. கடலுக்கு ஒரு சுவர் தள்ளி நல்ல தண்ணீர் ஊறுகிறது. மாவிட்டபுரம் கந்தசாமி கோயிலும் அருகில்தான். அந்தக் கோயிலுக்கான காங்கேயன், அதாவது முருகன், சிலை இங்கே வந்திறங்கியதால்தான் துறைக்கே இந்தப் பெயர் என்பது ஊர் வழக்கு.